கல்யாணம் வரைக்கும் தாங்கும்

போர்ட்சாய், ஸ்காட்லாந்து
14 ஜனவரி 2024

அன்புள்ள பிரேமா,

கடிதம் என்றால் ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்க வேண்டும் என நீதான் கற்றுக்கொடுத்தாய். என் இடது முழங்கால் நலமாக இல்லை. ஆகவே எடுத்த எடுப்பில் பொய் சொல்ல வேண்டாம் என்று பார்க்கிறேன். மற்றபடி சுகம். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.

பல்கலைக்கழகம் எனக்கு விடை கொடுத்துவிட்டது. இத்தனை வருடம் இதய மருத்துவப் பேராசிரியராக இருந்தவனுக்கு அவர்கள் தந்த பரிசு ஒரு சுவர்க்கடிகாரம். இனி எங்கும் நேரத்துக்குப் போக வேண்டியதில்லை என்று ஆன பிறகு கடிகாரம் தருகிறார்கள். உன் அப்பா சுப்பராயலு இதைக் கேட்டால் சிரிப்பார்.

சும்மா இருக்க முடியவில்லை. என் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதுகிறேன். மீன்பிடித் துறைமுகத்தில் வளர்ந்த பையன், மருத்துவக் கல்லூரி, மருத்துவமனை வார்டுகள், பிறகு உங்கள் கடற்கரை ஊர் மணப்பட்டு. நன்றாக நீந்தத் தெரிந்த இளைஞர்கள் உங்கள் வம்சத்தில் மட்டும் ஏன் தண்ணீரில் இறந்துபோகிறார்கள் என்று தேடி வந்தேன். அது மூழ்குவது அல்ல, நீந்தும்போது இதயம் தாளம் தப்பி நின்றுபோகும் பரம்பரைக் குறை என்று கண்டோம். இந்தப் பகுதிதான் புத்தகத்தின் உயிர். அதை உன் அண்ணன் தேவேந்திரனிடமிருந்து தொடங்குகிறேன். அவன் இறந்ததால்தானே நம் கண் திறந்தது. அவனுடைய நல்ல புகைப்படம் ஒன்று அனுப்புவாயா?

அந்தக் குறைக்கான மாத்திரைகள் வீடுகளுக்கு ஒழுங்காகப் போகின்றனவா? உன் மகள் செல்வகுமாரி எந்த வகுப்பு?

அன்புடன்,
மர்டோ இம்லாக்

•

மணப்பட்டு
11 பிப்ரவரி 2024

மருதையா அவர்களுக்கு,

வணக்கம். மர்டோ என்ற பெயர் எங்கள் ஊர் வாயில் மருதையாவாகி எவ்வளவு காலமாயிற்று. இன்னும் “மருதையா எப்ப வருவாரு?” என்றுதான் கேட்கிறார்கள். முழங்கால் விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆளுக்கொரு எண்ணெய் கட்டிக் கொடுத்துப் பார்சல் அனுப்பச் சொல்வார்கள்.

மாத்திரை எல்லா வீட்டுக்கும் போகிறது. சொந்தக்காரப் பையன் பாக்யராஜ் மட்டும்தான் தலைவலி. “போட்டுட்டியாடா?” என்றால் “போட்டேன்க்கா” என்று காதைச் சொறிவான். காதைச் சொறிந்தால் போடவில்லை என்று அர்த்தம். என் கண் முன்னால் விழுங்க வைத்துவிட்டுத்தான் படகைத் தள்ள விடுகிறேன். அப்பா தினமும் கரைக்குப் போய், வலை பிரிக்கிறவர்களுக்கு யோசனை சொல்லி, திட்டு வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்.

அண்ணன் போட்டோ என்றால் என் கல்யாண ஆல்பத்தில்தான் இருக்கிறது. பந்தியில் உங்களுக்குப் பாயசம் ஊற்றிக்கொண்டு நிற்கிறானே, அந்தப் படம். அதை எடுத்து வைத்தேன். அனுப்பவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

செல்வகுமாரி ஏழாவது படிக்கிறாள். ஃபோனில் உங்கள் பெயரைப் போட்டுத் தேடி, போன வருடம் நீங்கள் மேடையில் பேசிய பேச்சைக் கண்டுபிடித்துவிட்டாள். பெருமையாக இருந்தது. உங்கள் அண்ணன் கடலில் போன கதையை அதில்தான் முதல் தடவையாகக் கேட்டேன். இத்தனை வருடம் உங்களுக்கு மொழிபெயர்த்துக்கொண்டு கூடவே சுற்றியும் எனக்கு நீங்கள் சொன்னதில்லை. அது போகட்டும்.

அதே பேச்சில் எங்கள் ஊர் இளைஞன் ஒருவனைப் பற்றிச் சொல்கிறீர்கள். ‘அவன் ரத்தத்தில் அந்தக் குறை இருந்தது எங்களுக்குத் தெரிந்திருந்தது, சில வாரங்களில் அவன் இறந்தான்’ என்று. பெயர் சொல்லவில்லை. ஆனால் ரத்தம் கொடுத்தபின் அப்படி இறந்தவர் வேறு யாரும் இல்லையே. அண்ணன் இறந்த பிறகுதான் அவன் ரத்தத்தைப் பார்த்தோம் என்றுதானே எங்களிடம் சொன்னீர்கள்?

நான்தான் தப்பாகக் கேட்டிருப்பேன். என் ஆங்கிலம் உங்களோடு வெயிலில் அலைந்து கற்ற ஆங்கிலம். இறந்த பிறகுதான் தெரிந்தது என்று ஒரு வரி எழுதுங்கள், போதும். போட்டோவை மறுநாளே தபாலில் சேர்க்கிறேன்.

இப்படிக்கு,
பிரேமா

•

போர்ட்சாய்
9 மார்ச் 2024

அன்புள்ள பிரேமா,

மேடையில் பேசும்போது பெரிய விஷயங்களைச் சுருக்க வேண்டியிருக்கிறது. சுருக்கும்போது உருவம் மாறிவிடுகிறது. அதை வைத்து நீ மனம் கலங்க வேண்டியதில்லை.

ஆய்வுக்காக எடுத்த ரத்தம் வேறு, சிகிச்சைக்காக எடுத்த ரத்தம் வேறு. ஆய்வில் வரும் முடிவை இரண்டாவது ஆய்வகம் உறுதிப்படுத்தும் வரை அது முடிவே அல்ல. அதைத் தனி நபர்களிடம் சொல்லக்கூடாது என்று விதி இருந்தது. விதிகளைச் செய்தது நான் அல்ல.

என் அண்ணனைப் பற்றிச் சொல்லாதது உண்மைதான். அவன் எங்கள் துறைமுகத்தில் எல்லோரையும்விட நன்றாக நீந்துவான். பதினேழு வயதில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது துறைமுகச் சுவரிலிருந்து தண்ணீரில் குதித்தான். எழவில்லை. குடித்திருந்தான் என்று ஊர் பேசியது. அவன் குடித்ததே இல்லை. அந்தப் பேச்சைப் பொய் என்று காட்டத்தான் மருத்துவம் படித்தேன். ஐரோப்பாவின் பாதி மருத்துவமனைகளில் என் கேள்வியைக் கேட்டுச் சிரித்தார்கள். மணப்பட்டில்தான் யாரும் சிரிக்கவில்லை.

அந்த மாத்திரை வந்த பிறகு உங்கள் வம்சத்தில் ஒருவர்கூடத் தண்ணீரில் இறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த காரியம் அது. அதை ஒரு மேடைப் பேச்சின் ஒரு வரியை வைத்து எடை போடாதே.

புகைப்படத்துக்குக் காத்திருக்கிறேன்.

மர்டோ

•

மணப்பட்டு
7 ஏப்ரல் 2024

டாக்டர் இம்லாக் அவர்களுக்கு,

ஒரு வரி கேட்டேன். பக்கம் பக்கமாக வந்திருக்கிறது. அந்த ஒரு வரி மட்டும் அதில் இல்லை.

நான் உங்களோடு வீடு வீடாக வந்தவள். என் அம்மா கெங்கம்மாள், தன் தம்பிகள் இரண்டு பேரையும் கடல் கொண்டுபோனதைச் சொல்லி அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்து அதை ஆங்கிலத்தில் சொன்னேன். எனக்கும் அழுகை வந்தது. “அழாதே பிரேமா, ஒரு சொல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது” என்றீர்கள். அழவில்லை. ஒரு சொல்லையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. உங்களுக்காக நான் யார் வாயிலிருந்து எதை மொழி மாற்றிச் சொன்னாலும் அப்படித்தான் சொன்னேன். நீங்கள் எனக்குச் சொன்னதில் மட்டும் கூட்டலும் குறைச்சலும் இருந்திருக்கிறது.

2011-ஐ நினைவுபடுத்துகிறேன். அண்ணனிடம் ரத்தம் எடுத்தது அதற்கு முந்தைய ஐப்பசி. என் கல்யாணம் வைகாசி. எங்கள் சனம் கல்யாணத்தை மீன்பிடித் தடைக்காலத்தில்தான் வைக்கும். விசைப்படகு கடலுக்குப் போகாது, ஆண்கள் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், சொந்தபந்தம் ஒருவர் விடாமல் வந்து சேரும். அந்த வருடம் மாசியிலிருந்தே நீங்கள் ஊரில் இருந்தீர்கள். தாலி கட்டிய மறுநாள் மண்டபத்துப் பின்னறையில் மேசை போட்டு, வந்த சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் ரத்தம் எடுத்தீர்கள். கழுத்தில் மஞ்சள் கயிறு ஈரம் காயாமல் நான்தான் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். “ஐயா கேக்கறாரு, குடுங்க சித்தப்பா” என்று கெஞ்சினேன். அந்த ரத்தக் குப்பிகளின் பெட்டியை எடுத்துக்கொண்டு நீங்கள் விமானம் ஏறினீர்கள்.

அதற்கடுத்த நாள் எனக்கு மறுவீட்டு விருந்து. மாப்பிள்ளைக்குக் கடைமீனா போடுவது என்று அண்ணன் சின்னப் படகில் கரையோரமாகவே போனான். வலை எதிலோ மாட்டியிருக்கிறது. பிரித்துவிடக் குதித்தான். கரையிலிருந்து பார்த்தால் முகம் தெரிகிற தூரம். மேலே வரவில்லை. என் பட்டுப்புடவையோடு நான் கடற்கரைக்கு ஓடினேன். அம்மா அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை.

எனவே விதி, ஆய்வகம் எல்லாம் வேண்டாம். பந்தியில் உங்களுக்குப் பாயசம் ஊற்றியபோது அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்தீர்களே. அப்போது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? இரண்டில் ஒன்று எழுதுங்கள்.

பிரேமா

•

போர்ட்சாய்
2 மே 2024

பிரேமா அவர்களுக்கு,

தெரியும்.

ஆனால் நான் மறைத்தேன் என்று நீங்கள் நினைப்பது தவறு. ஒருவரிடம் சொன்னேன். உங்கள் அப்பாவிடம்.

எங்கள் நாட்டில் நோயாளியிடம்தான் முதலில் சொல்வோம். வீட்டாரிடம் சொல்லலாமா என்று அவனைக் கேட்ட பிறகுதான் மற்றவர்களிடம் பேசுவோம். உங்கள் ஊரில் அப்படி இல்லை. தொடக்கத்தில் ஒரு வீட்டில் நான் பையனிடம் நேராகப் பேசியதற்காகக் கதவைச் சாத்தினார்கள். வெளியே வந்து நீங்கள்தான் சொன்னீர்கள்: “பெரியவரைத் தாண்டிப் பேசினா அந்த வூட்டுக்கே அவமானம் ஐயா. எதுவானாலும் மொதல்ல அவருகிட்ட சொல்லுங்க.” அந்தப் பாடத்தை நான் மறக்கவில்லை.

பங்குனியில் முடிவு வந்தது. கரையில் ஏற்றி வைத்திருந்த படகின் நிழலில் உங்கள் அப்பாவிடம் பேசினேன். உங்களைக் கூப்பிடவில்லை. என் தமிழே போதுமானதாக இருந்தது. அவர், விஷயம் வெளியே தெரிந்தால் பெண்ணின் கல்யாணம் நின்றுபோகும், அண்ணனுக்கு இருந்தால் தங்கைக்கும் இருக்கும் என்பார்கள், கல்யாணம் முடியட்டும் என்றார். தடைக்காலம் வருகிறது, மகன் கடலுக்குப் போகமாட்டான், மறுவீடு முடிந்ததும் தானே அவனிடம் சொல்வதாகச் சொன்னார். யாரிடமும் பேசக்கூடாது என்று வாக்குக் கேட்டார். கொடுத்தேன். பதின்மூன்று வருடம் காப்பாற்றினேன். உங்கள் கட்டாயத்தால் இன்று உடைக்கிறேன்.

முடிவு குடும்பத்தினுடையது. நான் மதித்தேன். அவ்வளவுதான் என் பங்கு.

ம. இம்லாக்

•

மணப்பட்டு
30 மே 2024

டாக்டர் இம்லாக் அவர்களுக்கு,

உங்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது நான். அந்தத் தமிழில் நான் இல்லாமல் நீங்கள் பேசிய முதல் பெரிய பேச்சு, என் அண்ணன் உயிரைத் தள்ளிப்போட்ட பேச்சு.

உங்கள் கடிதம் வந்து இரண்டு நாள் அப்பா முகத்தைப் பார்க்க முடியவில்லை. மூன்றாம் நாள் காலையில் கஞ்சி ஊற்றி வைத்துவிட்டுக் கேட்டேன்.

“யப்பா, அண்ணனப் பத்தி மருதையா உங்கிட்ட சொன்னாரா?”

கஞ்சிக்குள் போட்ட கையை எடுக்கவில்லை. “யாரு சொன்னா ஒனக்கு?”

“அவரே எழுதியிருக்காரு.”

“எழுதிட்டாரா” என்றார். “யாராண்டையும் சொல்லமாட்டேன்னு சொன்னாரேடி” என்றார்.

அதுதான் அவர் முதலில் சொன்னது. உங்கள் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள நீங்கள் அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டீர்கள் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்குத் தெரிகிறது. கட்டாயப்படுத்தியது நான்தான் என்பதும் தெரிகிறது.

பிறகு சொன்னார். நீங்கள் எழுதாமல் விட்டதை.

“தடக்காலம், எங்க போவப்போறான்னேன். இருந்தாலும் மனசு கேக்கல. கண்ணாலம் வரைக்கும் தாங்குமா டாக்டர்னு கேட்டேன். தாங்கும்னாரு. நா இன்னாடி படிச்சவனா? படகு தாங்குமான்னு கேளு, நா சொல்றேன். நெஞ்சு தாங்குமான்னு அவருதான சொல்லணும்? அவரு வேணாம் பெரியவரே, இன்னிக்கே மாத்திர குடுக்கணும்னு சொல்லியிருந்தா, கண்ணாலமாவது ஒண்ணாவது. நிறுத்தியிருப்பேன்.”

“இத ஏம்பா இத்தினி வருசம் சொல்லல?”

“இன்னான்னு சொல்றது? பொண்ணு கண்ணாலத்துக்காவப் புள்ளயக் கொன்னுட்டேன்னா? ஒங்கம்மா சாவறப்பகூட அவ மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியல.”

முடிவு குடும்பத்தினுடையது என்று எழுதினீர்கள். தாங்கும் என்று சொன்னது எந்தக் குடும்பம்? நீங்கள் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று எனக்குப் புரிகிறது. கல்யாணம் நின்றிருந்தால் எங்கள் சொந்தத்தில் ஒருவரும் உங்களிடம் கை நீட்டியிருக்கமாட்டார்கள். அந்த மண்டபத்துப் பின்னறை உங்களுக்குக் கிடைத்திருக்காது. என் கல்யாணம் நடக்க வேண்டும் என்று அப்பாவைப் போலவே நீங்களும் விரும்பியிருக்கிறீர்கள்.

அப்பா மேல் கோபம் இல்லையா என்றால், இருக்கிறது. அவர் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுகிறேன். எனக்காகச் செய்தார் என்பதால் அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. உங்கள் மேல் வைப்பது சுலபமாக இருக்கிறது.

அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. கரைக்கும் போவதில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு “நாந்தான்டி கொன்னேன்” என்கிறார். நான் இல்லை என்றால் கேட்பாரா? டாக்டர் சொன்னால்தான் கேட்பார். எனக்கு உங்களிடம் மன்னிப்பு வேண்டாம். விளக்கமும் வேண்டாம். ஃபோன் போட்டு அவரிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள்: ‘தாங்கும் என்று சொன்னது நான், தப்பு என்னுடையது.’ நம்பர் உங்களிடம் இருக்கிறது. அவருக்கு வயது எண்பத்தொன்று. சீக்கிரம் செய்யுங்கள்.

பிரேமா

•

போர்ட்சாய்
20 ஜூலை 2024

பிரேமா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் மிகுந்த வேதனை தந்தது.

ஃபோனில் பேசும் அளவுக்கு என் தமிழ் இப்போது இல்லை. எழுதும்போது அகராதி பக்கத்தில் இருக்கிறது, யோசிக்க நேரம் இருக்கிறது. பேச்சில் ஒரு சொல் தவறி விழுந்தால் அந்த முதியவர் மனம் மேலும் புண்படும். அதற்கு நான் காரணமாக விரும்பவில்லை. தவிர, அன்று படகின் நிழலில் என்னென்ன சொற்களைச் சொன்னேன் என்பது எனக்குத் துல்லியமாக நினைவில்லை. நினைவில்லாததை ஒப்புக்கொள்வது நேர்மை ஆகாது.

புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. தேவேந்திரனைப் பற்றி மரியாதையோடு எழுதியிருக்கிறேன். என்னால் சொல்ல முடிந்ததையெல்லாம் அதில் சொல்லியிருக்கிறேன். ஒரு பிரதி அனுப்புகிறேன்.

உங்கள் அப்பாவுக்கு என் வணக்கம்.

ம. இம்லாக்

•

மணப்பட்டு
2 பிப்ரவரி 2025

டாக்டர் இம்லாக் அவர்களுக்கு,

புத்தகம் வந்தது. நல்ல தாள். அட்டையில் உங்கள் ஊர்த் துறைமுகம். கிருமாம்பாக்கம் தபால்காரர் “வெளிநாட்டுப் பார்சல்மா” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். இல்லாவிட்டால் அப்பாவுக்குத் தெரியாமல் வைத்திருப்பேன்.

உங்களிடமிருந்து ஃபோன் வரும் என்று அப்பாவிடம் நான் முன்பே சொல்லியிருந்தேன். என் தப்பு. இந்த எட்டு மாதமும் ஃபோன் மணி அடித்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். லோன் வேண்டுமா என்று கேட்கிறவன் பேசினாலும் “மருதையாவா?” என்பார். உங்கள் தமிழ் போதவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? படகு நிழலில் உங்களோடு பேசியவர் அவர்தானே.

அவர் கேட்பதற்கு முன்னால் அந்தப் பக்கத்தை நான் தனியாகப் படித்துவிட்டேன். ‘அவனுடைய குடும்பம் காத்திருக்க முடிவு செய்தது. எனக்கு வலித்தாலும் அந்த முடிவை மதித்தேன்.’ அவ்வளவுதான். தாங்குமா என்ற கேள்வி இல்லை. தாங்கும் என்ற பதில் இல்லை. அடுத்த பத்தியில் உங்களுக்குக் கிடைத்த பதக்கம் வந்துவிடுகிறது.

சாயந்திரம் அப்பா கூப்பிட்டார். “எம்புள்ளயப் பத்தி இன்னா எழுதியிருக்காரு? எடுத்தாந்து படி.”

பக்கத்தில் உட்கார்ந்து பிரித்தேன். செல்வகுமாரி எதிரே இருந்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியும். அவளைக் கடைக்கு அனுப்பினேன். என் வீட்டுக்காரர் பலராமன் வாசலில் வலையோடு இருந்தார், அவருக்கு ஆங்கிலம் தெரியாது, காதில் விழுந்தால் பரவாயில்லை. ஆங்கிலத்தை முதலில் சத்தமாகப் படித்தேன். பிறகு தமிழில் சொன்னேன்:

‘சுப்பராயலு என்னிடம் தாங்குமா என்று கேட்டார். நான் தாங்கும் என்றேன். அவர் தகப்பன், நான் மருத்துவன். தெரிந்திருக்க வேண்டியவன் நான். தேவேந்திரன் சாவுக்குக் காரணம் என் வார்த்தை. அந்தப் பெரியவர்மேல் ஒரு குற்றமும் இல்லை.’

உங்களுக்காக நான் எத்தனையோ பேர் பேச்சை மொழி மாற்றிச் சொல்லியிருக்கிறேன். இல்லாததைச் சொன்னது இதுதான் முதல் தடவை. குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அதற்கு நீங்கள் கொடுத்த பயிற்சிதான் காரணம்.

“திருப்பிப் படி” என்றார் அப்பா. படித்தேன். சொன்னதையே சொல்ல வேண்டுமே என்று பயந்து பயந்து அதே சொற்களைச் சொன்னேன். “அது எந்த எடத்துல எழுதியிருக்கு? காட்டு” என்றார். காட்டினேன். விரலை அந்த வரிமேல் வைத்தார். குடும்பம் காத்திருக்க முடிவு செய்தது என்ற வரிமேல். தடவிக்கொண்டே இருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, துடைக்கவில்லை.

“நல்ல மனுசன்டி மருதையா” என்றார். “எவ்ளோ பெரிய டாக்டரு. ஊரறிய ஒத்துக்கினாரு பாரு. நாமளா இருந்தா எழுதுவமா?”

அன்றைக்கு மீன் குழம்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் கரைக்குப் போனார். புத்தகத்தைத் துணியில் சுற்றிக் கையோடு கொண்டுபோய், அந்தப் பக்கத்தைப் பிரித்துப் பிரித்து எல்லோருக்கும் காட்டிவிட்டு வந்திருக்கிறார். பாக்யராஜ் என்னிடம் வந்து, “மருதையா மாதிரி ஒரு ஆளப் பாக்க முடியாதுக்கா” என்றான். கையை நீட்டி மாத்திரையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டான்.

இப்போது மணப்பட்டில் உங்களுக்கு நல்ல பெயர். செய்த தப்பை எழுதி அச்சடித்த மனிதர். நீங்கள் வந்தால் அப்பா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார், நன்றி சொல்வார்.

வராதீர்கள்.

பிரேமா